தொழில்முனைவோர் தம் நிறுவனத்தின் இணையதளத்தைத் தாமே நடத்த வெப் டெவலப்மென்ட் கற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் இணையதளத்தை வெளியாரிடம் கொடுத்துத்தான் செய்துகொள்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. ஆனால் தளம் கைக்கு வந்த மறுநாளே மாற்றங்கள் தேவைப்படத் தொடங்கிவிடுகின்றன. விலை ஏறுகிறது, ஒரு பொருள் தீர்ந்துபோகிறது, தொலைபேசி எண் மாறுகிறது, தீபாவளி வாரத்தில் கூரியர் தாமதமாகும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டியிருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரின் நேரத்துக்காகக் காத்திருக்கும் நிறுவனம், தன் கடையின் விலைப்பலகையைக்கூடத் தானே அழித்து எழுத முடியாத நிலையில் இருக்கிறது.

இந்த வழிகாட்டி உங்களை முழுநேர டெவலப்பர் ஆக்குவதற்காக எழுதப்படவில்லை. சந்தையில் உள்ள பயிற்சிகள் பெரும்பாலும் வேலை தேடுவோரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. அவற்றின் பாட வரிசை நேர்முகத் தேர்வை நோக்கியே செல்கிறது. நிறுவனம் நடத்துபவருக்கு வேண்டிய வரிசை வேறு. தளத்தில் தமக்குச் சொந்தமானவை எவை என்பதை முதலில் அறிய வேண்டும்; இருப்பதைப் பழுதாக்காமல் திருத்தக் கற்பது அதற்கு அடுத்தது; புதிதாகக் கட்டுவது கடைசியில்தான் வர வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்துள்ளன. நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், மூன்று நான்கு மாதங்களில் இவற்றைக் கடந்துவிடலாம் என்பது என் மதிப்பீடு. சாதாரண மடிக்கணினி ஒன்று போதும். கைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு கற்பது கடினம்.

விளக்கத்துக்காக ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி, அவற்றை இணையம் வழியாக நேரடியாக வீடுகளுக்கு விற்கிறது அந்நிறுவனம். அதற்கு முகப்பு, பொருட்கள், ஆட்டும் முறை, தொடர்பு ஆகிய நான்கைந்து பக்கங்களும், பணம் பெறுவதற்கு ஒரு வழியும் வேண்டும். இந்தியாவில் தொடங்கப்படும் சிறு நிறுவனங்கள் பலவற்றின் தேவை ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கிறது.

முதல் படி: சாவிகளை உங்கள் கைக்குக் கொண்டு வாருங்கள்

நிரலில் ஒரு வரியும் எழுதும் முன்பு செய்து முடிக்க வேண்டிய வேலை இது. ஒரு தாளில் ஆறு தலைப்புகளை எழுதிக்கொள்ளுங்கள்: டொமைன் பெயர் (தளத்தின் முகவரிப் பெயர்), டிஎன்எஸ் (அந்தப் பெயரை எண் முகவரியுடன் இணைக்கும் அமைப்பு), ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளைச் சர்வரில் வைத்திருக்கும் சேவை), மின்னஞ்சல், தளத்தின் மூலக் கோப்புகள், பணப் பரிவர்த்தனைக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த நிறுவனத்தில் இருக்கிறது, யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்பதைக் குறியுங்கள். எதிர்ப்பக்கம் வெற்றாக நிற்கும் தலைப்பு எதுவோ அதுதான் உங்கள் முதல் ஆபத்து.

இவற்றுள் டொமைன் பெயரே எல்லாவற்றிலும் முக்கியமானது. தளத்தைச் செய்து தந்தவர் தம் சொந்தக் கணக்கிலேயே டொமைனை வாங்கியிருந்தால், நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும் பதிவேட்டின்படி கட்டுப்பாடு அவரிடம்தான் இருக்கும். டொமைன் யார் பெயரில் உள்ளது என்று பார்க்கும் ஹூயிஸ் தேடலில் பதிவுதாரரின் விவரம் இப்போது பெரும்பாலும் மறைக்கப்பட்டிருப்பதால், அதைப் பார்த்து உறுதி செய்துகொள்ள முடியாது; டொமைனை விற்ற பதிவாளர் நிறுவனத்தின் கணக்குக்குள் நீங்களே நுழைய முடிகிறதா என்பதே சரியான சோதனை. முடியவில்லையென்றால், டொமைனுக்குரிய மாற்றக் குறியீட்டைக் கேட்டு வாங்கி, உங்கள் பெயரில் தொடங்கிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். .காம் போன்ற பொது டொமைன்களைப் பதிவு செய்த பின் பொதுவாக 60 நாட்களுக்கு வேறு பதிவாளரிடம் மாற்ற இயலாது என்பதையும் நினைவில் வையுங்கள். .இன் டொமைன்களை நிர்வகிப்பது நிக்ஸி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம். ஆனால் பதிவு, புதுப்பித்தல், மாற்றம் எல்லாம் பதிவாளர் நிறுவனங்கள் வழியாகவே நடைபெறும்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கண்ணி உண்டு. டொமைன் கணக்கை அதே டொமைனில் இயங்கும் மின்னஞ்சல் முகவரியில் பதிவு செய்யாதீர்கள். புதுப்பிக்க மறந்து டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டலும், கடவுச்சொல்லை மீட்கும் இணைப்பும் உங்களுக்கு வந்து சேரவே மாட்டா. தனியான மின்னஞ்சல் முகவரி, தானியங்கிப் புதுப்பித்தல், இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) ஆகிய மூன்றையும் இன்றே அமைத்துவிடுங்கள். கடவுச்சொற்களைப் பிட்வார்டன் போன்ற செயலியில் சேமியுங்கள். அவற்றை வாட்ஸ்ஆப் குழுவில் பகிரும் வழக்கம் உங்கள் நிறுவனத்தில் இருந்தால் அதை உடனே நிறுத்துங்கள்.

இரண்டாம் படி: பக்கம் எப்படி வந்து சேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

வாடிக்கையாளர் உங்கள் முகவரியைத் தட்டச்சு செய்தவுடன், அந்தப் பெயருக்குரிய எண் முகவரி எது என்று உலாவி டிஎன்எஸ் அமைப்பிடம் கேட்கிறது. எண் கிடைத்ததும் அந்தச் சர்வரைத் தொடர்புகொண்டு பக்கத்தைக் கேட்கிறது. சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கத்தையும் அமைப்பையும் குறிக்கும் மொழி) கோப்பைப் படித்து, அதில் குறிப்பிடப்பட்டுள்ள படங்கள், எழுத்துருக்கள், நிரல்கள் ஆகியவற்றையும் தனித்தனியே கேட்டுப் பெறுகிறது. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் செர்ன் ஆய்வகத்தில் முன்மொழிந்த அமைப்பின் எலும்புக்கூடு இன்றும் இதுதான். 1993-இல் செர்ன் அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக்கியது. அதனால்தான் யாருடைய அனுமதியையும் கேட்காமல் ஒரு பக்கத்தை எழுதி வெளியிட உங்களால் முடிகிறது.

கணினியில் உலாவியைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்னும் பகுதியை வைத்துக்கொண்டு உங்கள் தளத்தை மீண்டும் ஏற்றிப் பாருங்கள். எந்தக் கோப்பு எத்தனை கிலோபைட், எது வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பவை வரிசையாகத் தெரியும். 200 என்றால் சரியாக வந்தது, 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறியது, 404 என்றால் அங்கே ஒன்றும் இல்லை, 500 என்றால் சர்வரில் கோளாறு. தளம் வேலை செய்யவில்லை என்று வாடிக்கையாளர் அழைக்கும்போது, பழுது எங்கே என்பதை இந்த நான்கு எண்களே உங்களுக்குப் பாதி சொல்லிவிடும்.

டிஎன்எஸ் பதிவுகளில் நான்கு வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஏ பதிவு பெயரைச் சர்வரின் எண்ணுடன் இணைக்கிறது; சிநேம் பதிவு ஒரு பெயரை இன்னொரு பெயரிடம் அனுப்புகிறது; எம்எக்ஸ் பதிவு உங்கள் மின்னஞ்சல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்கிறது; டிஎக்ஸ்டி பதிவு உரிமைச் சரிபார்ப்புக்கும் மின்னஞ்சல் பாதுகாப்புக்கும் பயன்படுகிறது. ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றும்போது டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையும் சேர்த்து மாற்றிவிட்டு, பழைய எம்எக்ஸ் பதிவைப் புதிய இடத்தில் எழுத மறந்துபோவது மிக அடிக்கடி நடக்கும் விபத்து. தளம் அழகாகத் தெரியும். ஆனால் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சலும் வராது. பல நாட்கள் கழித்தே அது தெரியவரும். ஆகவே டிஎன்எஸ்ஸில் கை வைக்கும் முன், உள்ள பதிவுகள் முழுவதையும் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எச்டிஎம்எல்லைக் கையால் எழுதுங்கள்

விஎஸ் கோட் என்னும் இலவச எழுத்துக் கருவியை நிறுவி, ஒரு கோப்புறையில் வெற்றுக் கோப்பு ஒன்றைத் தொடங்குங்கள். இழுத்துப் போட்டுப் பக்கம் செய்யும் கருவிகளை இந்தக் கட்டத்தில் ஒதுக்கி வையுங்கள்; அவை உருவாக்கும் குறியீட்டைப் பின்னாளில் திருத்துவதற்கே எச்டிஎம்எல் தெரிந்திருக்க வேண்டும். முதல் பயிற்சியாகக் கடலை எண்ணெய்க்கான பக்கத்தை எழுதுங்கள். அதில் ஒரே ஒரு முதன்மைத் தலைப்பு, உபதலைப்புகள், இரண்டு பத்திகள், ஒரு படம், அளவும் விலையும் கொண்ட ஓர் அட்டவணை, விசாரணைப் படிவம் ஆகியவை இருக்கட்டும்.

எச்டிஎம்எல் அடையாளங்களை (டேக்) அவற்றின் பொருளுக்கு ஏற்பப் பயன்படுத்துவதே இந்தப் படியின் சாரம். தலைப்பைத் தலைப்பாகவும், பட்டியலைப் பட்டியலாகவும், பொத்தானைப் பொத்தானாகவும் குறித்தால், தேடுபொறிக்கும் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் பக்கத்தின் அமைப்பு புரியும். எழுத்தைப் பெரிதாக்குவதற்காகத் தலைப்பு அடையாளத்தைப் போடுவது தவறான பழக்கம். படத்துக்கு ஆல்ட் விவரணை (படம் தெரியாதபோது அதற்குப் பதிலாக வரும் சொற்கள்) எழுதும்போது "படம் 1" என்று எழுதாமல், "மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், ஒரு லிட்டர் பாட்டில்" என்று எழுதுங்கள். படிவத்தில் தொலைபேசி எண்ணுக்குரிய கட்டத்தை அதற்குரிய வகையாகக் குறித்தால், கைபேசியில் எண் விசைப்பலகை தானே திறக்கும். இத்தகைய சிறு அக்கறைகள் வாடிக்கையாளரைப் படிவத்தின் கடைசிவரை அழைத்துச் செல்கின்றன.

கற்பதற்கு, இணைய மொழிகளுக்கான ஆவணத் தளமான எம்டிஎன்னின் தொடக்கப் பாடங்களை முதன்மை நூலாகக் கொள்ளுங்கள். பயிற்சிக்கு ஃப்ரீகோட்கேம்ப் நன்றாக இருக்கும். தமிழில் படிக்க விரும்புவோருக்குக் கணியம் வெளியிட்டுள்ள இலவச மின்னூல்களும், ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழ்க் குரலுடன் வந்துள்ள காணொளிகளும் உள்ளன. எழுதிய பக்கத்தை இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சரிபார்ப்புக் கருவியில் கொடுத்துப் பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். காணொளி பார்ப்பதைவிட இந்தத் திருத்த வேலை அதிகம் கற்றுத்தரும்.

நான்காம் படி: சிஎஸ்எஸ், அதிலும் தமிழ் எழுத்துக்கான சிஎஸ்எஸ்

பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ் எளிதாகத் தோன்றும், பிறகு எரிச்சலூட்டும். காரணம், அதன் நான்கு அடிப்படைகளைப் புரிந்துகொள்ளாமல் பலரும் துண்டுத் துண்டாக நகலெடுத்து ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு உறுப்பும் உள்ளடக்கம், உள்வெளி, எல்லைக்கோடு, புறவெளி ஆகியவற்றைக் கொண்ட ஒரு பெட்டி என்பது முதலாவது. இரண்டு விதிகள் மோதும்போது எது வெல்லும் என்னும் முன்னுரிமை ஒழுங்கு இரண்டாவது. உறுப்புகளைப் பக்கத்தில் அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட் ஆகிய இரு முறைகள் மூன்றாவது. திரையின் அகலத்துக்கேற்ப விதிகளை மாற்றும் மீடியா வினவல் நான்காவது. உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கைபேசியிலிருந்தே வருவார்கள். ஆகவே சிறிய திரைக்கு முதலில் எழுதி, பெரிய திரைக்கான விதிகளைப் பின்னர் சேருங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் வியூபோர்ட் குறிப்பு (பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வரி) இல்லாவிட்டால் இந்த உழைப்பெல்லாம் வீணாகும். கைபேசி பக்கத்தைச் சுருக்கி எறும்பு எழுத்தில் காட்டிவிடும்.

தமிழில் தளம் நடத்துவோர் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சிஎஸ்எஸ் பாடங்களை அப்படியே பின்பற்ற முடியாது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கொம்பும் கொக்கியும் சுழியும் மேலும் கீழும் நீளுவதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்கு நெரிசலாக இருக்கும். எழுத்தின் உயரத்தைப்போல் 1.6 முதல் 1.8 மடங்கு வரை கொடுத்துப் பாருங்கள். சாய்வெழுத்து தமிழில் பெரும்பாலும் எழுத்துருவைச் செயற்கையாக வளைத்தே காட்டப்படுகிறது. அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தையோ வண்ணத்தையோ பயன்படுத்துங்கள். ஆங்கிலத் தலைப்புகளுக்குச் செய்வதுபோல் எழுத்திடைவெளியைக் கூட்டினால், உயிர்மெய்யின் குறிகள் தம் மெய்யிலிருந்து விலகித் தெரியக்கூடும்.

சொற்களின் நீளம் இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் முடியும் பொத்தானுக்குத் தமிழில் "வாங்குக" என்றோ "கூடையில் சேர்" என்றோ எழுத வேண்டியிருக்கும். பட்டியல் மெனுவில் "தனியுரிமைக் கொள்கை" என்னும் தொடர் அடுத்ததன் மேல் ஏறிவிடும். ஆகவே பொத்தான்களுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் சொல்லுக்கேற்ப விரியும்படி உள்வெளியை மட்டும் கொடுங்கள். நீண்ட சொல் பெட்டியைத் தாண்டும்போது உடைந்து அடுத்த வரிக்கு வரும்படியும் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் போன்ற திறந்த உரிமம் கொண்டவை கூகுள் ஃபான்ட்ஸில் உள்ளன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு தடிமன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல எழுத்துருக்களில் ஒவ்வொரு தடிமனும் தனிக்கோப்பாக இறங்கும். பக்கத்தின் மொழி தமிழ் என்பதை மொழிக் குறியீட்டில் அறிவியுங்கள். எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 ஆக இருக்கட்டும்.

பொருள் விவரங்களை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பாட்டில் லேபிளை வடிவமைத்த டிடிபி நிலையத்திலிருந்து வரும் தமிழ் வாசகம் பல நேரங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் இருக்கும். அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், தேடுபொறியாலும் படிக்க முடியாது. யூனிகோடில் தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. வாசகம் முழுவதும் அந்த முறைக்கு மாற்றப்பட்ட பின்னரே தளத்தில் ஏற வேண்டும். அதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் உள்ளன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துச் சரிபார்ப்பது கட்டாயம்.

ஐந்தாம் படி: கிட் கற்று, தளத்தை வெளியிடுங்கள்

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கருவக நிரலைப் பேணுவதற்காக எழுதிய கிட், உங்கள் கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் நாளிட்டுச் சேமிக்கிறது. தனியொருவராகத் தளம் நடத்துபவருக்கு இது தேவையா என்று சிலர் கேட்பதுண்டு. தனியாக இருப்பவருக்குத்தான் இது அதிகம் தேவை. நேற்று நன்றாக இருந்த பக்கம் இன்று உடைந்துவிட்டால் பக்கத்தில் கேட்க ஆளில்லை, பழைய நிலைக்குத் திரும்பும் வழி மட்டுமே உண்டு. சேர்த்தல், பதிவு செய்தல், மேலேற்றுதல், கிளை பிரித்தல், பின்வாங்குதல் ஆகிய ஐந்து செயல்கள் போதும். ஒவ்வொரு பதிவுக்கும் "திருத்தம்" என்று எழுதாமல், "நல்லெண்ணெய் அரை லிட்டர் விலை மாற்றம்" என்று எழுதுங்கள்.

கிட் கோப்புகளை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப்பில் ஒரு களஞ்சியம் (கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) தொடங்கி, அதை ஹோஸ்டிங் சேவையுடன் இணைத்துவிட்டால், நீங்கள் கோப்பை மேலேற்றும்போதெல்லாம் தளம் தானே புதுப்பிக்கப்படும். எந்தச் சேவை என்பதில் விதிமுறைகளைப் படித்துத் தேர்வு செய்யுங்கள். கிட்ஹப் பேஜஸ் இலவசமாக இருந்தாலும், இணைய வணிகத் தளம் நடத்த அதைப் பயன்படுத்தக்கூடாது என்று அதன் விதி சொல்கிறது. வெர்செல்லின் இலவசத் திட்டமும் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டுமே. கிளவுட்ஃபிளேர் பேஜஸ், நெட்லிஃபை ஆகியவை சிறு நிறுவனத்துக்குப் பொருத்தமாக இருக்கும். எச்டிடிபிஎஸ் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனியே பணம் கொடுக்க வேண்டியதில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் இலவசமாக வழங்கும் சான்றிதழை இச்சேவைகள் தாமே பெற்றுத் தாமே புதுப்பிக்கின்றன.

கடவுச்சொல், பரிவர்த்தனைச் சேவையின் இரகசியச் சாவி ஆகியவற்றைக் களஞ்சியத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். ஒருமுறை வெளியே போய்விட்டால், கோப்பிலிருந்து அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். அந்தச் சாவியை ரத்து செய்து புதிது வாங்குவதே ஒரே வழி.

ஆறாம் படி: ஜாவாஸ்கிரிப்ட், வேண்டிய அளவுக்கு மட்டும்

ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தை இயங்க வைக்கும் மொழி. அதில் மாறிகள், சார்புகள், நிபந்தனை, வரிசைப் பட்டியல், பக்க உறுப்பைத் தேடி மாற்றுதல், சொடுக்கு போன்ற நிகழ்வுகளுக்குப் பதிலளித்தல், சர்வரிடமிருந்து தரவு கேட்டு வாங்குதல் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். பயிற்சியாக, வாடிக்கையாளர் பாட்டில்களின் எண்ணிக்கையை மாற்றும்போது மொத்த விலையைக் கூட்டிக் காட்டும் சிறு நிரலை எழுதுங்கள். எழுதி முடித்ததும் எஃப்12 பகுதியைத் திறந்து அந்த விலையை நீங்களே ஒரு ரூபாயாக மாற்றிப் பாருங்கள். மாறும். உலாவியில் இருப்பது எதுவும் வாடிக்கையாளரின் கைக்குள் இருப்பது; அதை அவர் விரும்பியபடி மாற்ற முடியும். ஆகவே அங்கே காட்டும் விலை பார்வைக்கு மட்டுமே. வசூலிக்க வேண்டிய தொகையைச் சர்வரில்தான் கணக்கிட வேண்டும்.

ரியாக்ட் போன்ற ஆயத்த நிரல் சட்டகங்களை இப்போது தொடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. நான்கைந்து பக்கத் தளத்துக்கு அவற்றால் கிடைக்கும் பயனைவிட, அவற்றைப் பராமரிக்கும் சுமை பெரிது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் நிரல் கேட்டு வாங்குவதில் தடையில்லை. ஆனால் தரப்பட்ட நிரலில் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று கேட்டுப் புரிந்துகொண்ட பின்னரே வெளியிடுங்கள். வாடிக்கையாளர் விவரங்களையும் இரகசியச் சாவிகளையும் அந்தக் கருவிகளுக்குள் ஒட்டாதீர்கள்.

ஏழாம் படி: தளத்தின் வகையை முடிவு செய்யுங்கள்

இந்த அடிப்படைகள் கைவந்த பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும். பொருட்கள் பத்துப் பதினைந்துக்குள் இருந்து, விலை எப்போதாவது மாறும் என்றால், நிலைக் கோப்புகளாலான தளமே (முன்பே எழுதி வைத்த பக்கங்களை அப்படியே அனுப்பும் தளம்) சிறந்தது. அதில் உடைப்பதற்குத் தரவுத்தளம் இல்லை. புதுப்பிக்க வேண்டிய செருகுநிரல்களும் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருட்கள்) இல்லை. ஒரே தலைப்பகுதியை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப எழுதுவதைத் தவிர்க்க ஹியூகோ, இலெவன்டி போன்ற கருவிகள் உதவும். வாரந்தோறும் கட்டுரைகள் எழுதுவது, பலர் உள்ளே நுழைந்து திருத்துவது ஆகியவை தேவையானால் வேர்ட்பிரஸ் பொருந்தும். 2003-இல் தொடங்கிய அந்த மென்பொருளில் உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இயங்குகின்றன. தாக்குபவர்களின் கண்ணும் அதன்மேல்தான் இருக்கிறது. கைவிடப்பட்ட செருகுநிரல் ஒன்று போதும் தளம் பறிபோவதற்கு. நாளுக்குப் பல ஆர்டர்களும் இருப்புக் கணக்கும் வந்துவிட்டால், மாதக் கட்டணம் கட்டி ஒரு கடைத்தளச் சேவைக்கு மாறுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

எட்டாம் படி: பணமும் சட்டமும்

பணம் பெறும் நிரலை நீங்களே எழுதாதீர்கள். ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயு போன்ற சேவைகள் தரும் கட்டண இணைப்பையோ பொத்தானையோ முதலில் பயன்படுத்துங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைத் தம்மிடம் சேமிக்கக் கூடாது. சேவையின் பக்கத்திலேயே அட்டை விவரம் பெறப்படும்போது இந்தப் பொறுப்பு உங்கள் தளத்துக்கு வருவதே இல்லை. பின்னர் நேரடி இணைப்புக்கு மாறினால் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ரேசர்பேயில் தொகையைப் பைசாவில் அனுப்ப வேண்டும். 500 ரூபாய்க்கு 50000 என்று எழுதாமல் 500 என்று எழுதினால் ஐந்து ரூபாய்தான் வசூலாகும். மேலும், வாடிக்கையாளரின் உலாவி "பணம் செலுத்தியாயிற்று" என்று சொல்வதை வைத்துப் பொருளை அனுப்பாதீர்கள். சேவை நேரடியாக உங்கள் சர்வருக்கு அனுப்பும் வெப்ஹுக் செய்தியின் கையொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே ஆர்டரை உறுதி செய்யுங்கள். சோதனை முறையில், தோல்வியடைந்த கட்டணத்தையும் பாதியில் மூடப்பட்ட பக்கத்தையும் செய்து பார்த்துவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றி வெப் டெவலப்மென்ட் பாடங்கள் பேசுவதில்லை. ஆனால் தளத்தின் சொந்தக்காரர் நீங்கள்தான். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண், குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் ஆகியவற்றைத் தளத்தில் காட்டச் சொல்கின்றன. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாங்குவதற்கான ஒப்புதலை முன்கூட்டியே குறியிட்ட கட்டம் வழியாகப் பெறக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அதாவது, படிவத்தில் ஒப்புதல் கட்டம் வெற்றாகவே தொடங்க வேண்டும். பொட்டலப் பொருட்களுக்கு நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் விவரம் ஆகியவற்றையும், உணவுப் பொருளாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண்ணையும் பொருள் பக்கத்திலேயே எழுதுங்கள். 2023-இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் வைத்து, வீட்டுக்குப் பொருள் அனுப்பத் தேவையில்லாத எந்த விவரத்தையும் கேட்காமலிருப்பதே நல்லது. பிறந்த தேதி எண்ணெய் விற்கத் தேவைப்படாது.

ஒன்பதாம் படி: வேகமும் கண்டறியப்படுதலும்

மெதுவான தளத்துக்குக் காரணம் பெரும்பாலும் படங்கள்தாம். கைபேசியில் எடுத்த படம் பல மெகாபைட் இருக்கும். அதை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி வடிவில் சேமித்தால் 100 அல்லது 200 கிலோபைட்டுக்குள் வந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து சேரும் நொடியில் பக்கம் கீழே குதித்து, விரல் தவறான பொத்தானில் படும். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் தளத்தை அளந்து, முதன்மை உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிகிறதா, தொடுதலுக்கு 200 மில்லி நொடிக்குள் பதில் வருகிறதா, பக்கக் குதிப்பின் மதிப்பு 0.1-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்து, தளவரைபடக் கோப்பைக் கொடுங்கள். மக்கள் எந்தச் சொற்களைத் தேடி வருகிறார்கள் என்பதை அது காட்டும். "மரச்செக்கு" என்று தேடுகிறார்களா, "செக்கு எண்ணெய்" என்றா என்பதைப் பார்த்துத் தலைப்புகளைத் திருத்துங்கள். பக்கத்தின் முகவரியை மாற்றினால் பழைய முகவரியிலிருந்து 301 வழிமாற்றம் கட்டாயம்.

பத்தாம் படி: பராமரிப்பும், டெவலப்பரை அமர்த்துவதும்

ஆர்டர் உறுதி மின்னஞ்சல்கள் ஸ்பேம் பெட்டிக்குள் போகாமலிருக்க, மின்னஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்தே வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளையும் டிஎன்எஸ்ஸில் சேருங்கள். தளத்தின் கோப்புகள், ஆர்டர் தரவு இரண்டுக்கும் வாரம் ஒருமுறை காப்பு நகல் எடுத்து, ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து தளத்தை உங்கள் கணினியில் மீட்டெழுப்பிப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று எண்ண வேண்டாம்.

தொழில் வளர்ந்ததும் சில வேலைகளை வெளியாரிடம் கொடுப்பது அவசியமாகும். இதுவரை கற்றது அப்போதும் பயன்படும்: என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுக்கவும், தரப்பட்ட மாற்றத்தைக் களஞ்சியத்தில் வரி வரியாகப் படித்துப் பார்க்கவும் உங்களால் முடியும். அவருக்கு உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், அவர் பெயரில் தனிக் கணக்குத் திறந்து, வேலைக்கு வேண்டிய அளவு அனுமதி மட்டும் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் பதிப்புரிமையை எழுத மறக்காதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதிய நிரலுக்கு வேறு ஒப்பந்தம் இல்லாதவரை நிறுவனமே உரிமையாளர். ஆனால் தனிப்பட்ட ஒப்பந்தக்காரர் எழுதிய நிரலுக்கு, எழுத்து மூலமான உரிமை மாற்றம் இல்லாவிட்டால், பொதுவாக அவரே உரிமையாளராக நீடிப்பார். உரிமையை மாற்றித் தரும் ஆவணத்தில் கால வரையறை குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே என்றும் சட்டம் கொள்கிறது. ஆகவே எந்த நிரல், எத்தனை காலத்துக்கு, எந்த நாடுகளுக்கு, என்ன தொகைக்கு மாற்றப்படுகிறது என்பதை எழுதி, அவருடைய கையொப்பத்தைப் பெற்ற பின் கடைசித் தவணையைக் கொடுங்கள். வேலை முடிந்த அன்றே அவருடைய கணக்கின் அனுமதிகளை நீக்கி, அவருக்குத் தெரிந்த இரகசியச் சாவிகளையும் மாற்றிவிடுங்கள்.